காலையில் இயங்க மறுத்த மேசைக் கணினி: சுமையின்றி எடுத்த அளவும் சுமையோடு எடுத்த அளவும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. முன் அறையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் வகுப்பு நடத்துகிறேன். தமிழ்மொழி மூல மாதிரி வினாத்தாள்கள், விடைக்குறிப்புகள், முதலில் கையால் வரைந்து பின்பு ஒவ்வொன்றாகக் கணினியில் மீள வரைந்த மின்சுற்றுப் படங்கள் என்று பல ஆண்டு உழைப்பு முழுவதும் ஒரே மேசைக் கணினியில் சேர்ந்திருக்கிறது. 2017 இல் பாகம் பாகமாகத் தெரிவுசெய்து பொருத்துவித்த கணினி அது. இன்டெலின் ஏழாம் தலைமுறைக் கோர் ஐ5 7400 செயலி, பி250 தாய்ப்பலகை, 4 கிகாபைற்று ரேம் துண்டுகள் இரண்டு, சுவர் மின்னைப் பாகங்களுக்கேற்ற குறைந்த வோல்ற்றுகளாக மாற்றித் தரும், 450 வாற்று என்று பெயர்த்தட்டில் குறிக்கப்பட்ட மின்வழங்கி ஆகியவை அதில் உள்ளன. செயலிக்குள்ளேயே காட்சிப் பகுதி இருப்பதால் தனியான கிராபிக்ஸ் அட்டை பூட்டவில்லை. பழுது தேடும்போது இது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. சந்தேகிக்க வேண்டிய பாகங்களில் ஒன்று தொடக்கத்திலேயே குறைந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுவரிலுள்ள ஆளியைப் போட்டுவிட்டுக் கணினிப் பெட்டியின் முன்புறப் பொத்தானை அழுத்தினேன். காற்றாடி சுழலவில்லை, விளக்கு எரியவில்லை, எந்தச் சத்தமும் எழவில்லை. முந்தைய இரவு பத்து மணி வரை அதில்தான் வேலை செய்திருந்தேன். ஆகவே “திடீரென்று நின்றுவிட்டது” என்றே அன்று எல்லோரிடமும் சொன்னேன். அது சரியான விவரம் அல்ல. முன்னைய மூன்று வாரங்களாகக் காலையில் மட்டும் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. ஒருமுறை இயங்கத் தொடங்கிவிட்டால் பகலில் எத்தனை முறை நிறுத்தி இயக்கினாலும் முதல் அழுத்தத்திலேயே எழும்பியது. பொத்தான் தேய்ந்துவிட்டது என்று எண்ணி அதைக் கவனியாமல் விட்டிருந்தேன். பழுதின் முழு விளக்கமும் அந்தக் காலைக்கும் பகலுக்குமான வேறுபாட்டுக்குள்ளேயே இருந்தது.

வெளியிலிருந்து உள்ளே போவதுதான் முறை என்பதால் சுவரிலிருந்தே தொடங்கினேன். அதே குதையில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தேன், எரிந்தது. பல்மானியை ஆடலோட்ட அளவில் வைத்து அளந்தபோது 231 வோல்ற்று காட்டியது. நமது நாட்டின் வழங்கல் 230 வோல்ற்று, 50 ஏற்சு என்பதால் அதில் குறை இல்லை. கணினி வயரின் 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கைத் திறந்து உள்ளிருந்த உருகியைத் தொடர்ச்சி பார்த்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது. எங்கள் வீட்டைப் போன்ற பழைய வீடுகளில் உருளைமுனைக் குதைகளும் சதுரமுனைக் குதைகளும் கலந்திருக்கும். நடுவில் மாற்றிச் செருகி ஒன்றைச் சொருகி வேலை செய்வது பலருக்கும் பழக்கம். அந்த மாற்றிகள் தளர்ந்து சூடேறிக் கருகுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன், ஆகையால் அதை முதலில் பார்ப்பது வீண்வேலை அல்ல. யூ.பி.எஸ். பெட்டியையும் நீட்டிப்புப் பலகையையும் விலக்கி, கணினியின் வயரை நேரே சுவரில் செருகினேன். வேறொரு வயரையும் மாற்றிப் பார்த்தேன். மின்வழங்கியின் பின்புறத்திலுள்ள சிறு ஆளி, வீடு கூட்டும்போது தவறுதலாக அணைந்திருக்குமோ என்றும் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் இன்னொரு வேலை செய்தேன். இதை யாருக்கும் வலியுறுத்திச் சொல்வேன். வயரை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, தரவு இருந்த திண்மநிலை வட்டை வெளியே எடுத்து, யூ.எஸ்.பி. இணைப்பி ஒன்றின் மூலம் மடிக்கணினியில் பொருத்தி, வினாத்தாள்கள் அனைத்தையும் பிரதி எடுத்தேன். கணினி எழும்பவில்லை என்றவுடன் தரவும் போய்விட்டது என்று பலர் கலங்கிவிடுகிறார்கள். மின் வராத கணினியில் வட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பிரதி கையில் இருக்கும்போதுதான் அவசரப்படாமல் பழுது தேட முடிகிறது. அடுத்த ஆறு நாட்களும் நான் நிதானமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

இனி, பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். இன்றைய மேசைக் கணினியின் பொத்தான் விளக்கின் ஆளியைப் போல மின்னை நேரே இணைப்பதில்லை. 1995 இல் இன்டெல் அறிமுகப்படுத்திய ஏ.ரி.எக்ஸ். அமைப்பில், சுவர் ஆளி போடப்பட்டிருக்கும் நேரமெல்லாம் மின்வழங்கிக்குள் ஒரு சிறு சுற்று உறங்காமல் வேலை செய்துகொண்டிருக்கும். அது ஊதா நிற வயர் வழியாகத் தாய்ப்பலகைக்கு 5 வோல்ற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காத்திருப்பு மின் என்று அதைச் சொல்லலாம். பொத்தானை அழுத்துவது தாய்ப்பலகைக்குச் சொல்லும் ஒரு செய்தி மட்டுமே. அந்தக் காத்திருப்பு மின்னில் விழித்திருக்கும் தாய்ப்பலகை செய்தியைப் பெற்று, பச்சை வயரைப் புவி மட்டத்துக்கு இழுக்கிறது. அதைக் கண்டதும் மின்வழங்கியின் பெரிய சுற்று இயங்கி மஞ்சள் வயரில் 12, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3 வோல்ற்றுகளைக் கொடுக்கிறது. அவை நிலைபெற்ற பின், அரை விநாடிக்குள், சாம்பல் வயர் “எல்லாம் சரி” என்று தாய்ப்பலகைக்குத் தெரிவிக்கிறது; அதன் பிறகே செயலி விடுவிக்கப்படுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே காட்சிதான்: பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. எனவே வெளிக்காட்சியை வைத்துப் பாகத்தைத் தீர்மானிக்க முடியாது.

சங்கிலியின் முதற் கண்ணி பொத்தான். அதன் இரண்டு மெல்லிய வயர்களையும் தாய்ப்பலகையிலிருந்து கழற்றிவிட்டு, அவை நின்ற இரு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவரின் முனையால் ஒரு கணம் தொட்டு இணைத்தேன். எழும்பவில்லை, பொத்தான் குற்றமற்றது. சி.ஆர். 2032 நாணய மின்கலம் 3.02 வோல்ற்று காட்டியது. முன்புற யூ.எஸ்.பி. வாய்களில் ஏதாவது குறுக்குச்சுற்று இருந்தால் தாய்ப்பலகை எழும்ப மறுக்கும் என்பதால் அவற்றின் வயர்களையும் கழற்றி வைத்தேன்.

பிறகு ரேம் துண்டுகளைக் கழற்றினேன். எங்கள் ஒழுங்கையில் கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வருகிறது. யன்னல் கம்பிகள் ஆண்டுக்கு ஒருமுறை துருப்பிடிக்கின்றன, கதவின் பிணைச்சல்கள் இறுகிப்போகின்றன. ஆகவே தொடுமுனைகளில் உப்புப் படிந்திருக்கும் என்று எதிர்பார்த்தே பார்த்தேன். ஒரு துண்டின் பொன்னிற முனைகளில் மங்கிய படலம் இருந்தது. ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, மீண்டும் இறுக்கமாகப் பொருத்தி, சுவர் ஆளியைப் போட்டு அழுத்தினேன். எழும்பவில்லை. சலிப்புடன், ஆளியை அணைக்காமலேயே, சமையலறைக்குப் போய்ப் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து வந்து அழுத்தினேன். கணினி உடனே எழும்பியது. பகல் முழுவதும் ஒரு குறையுமின்றி வேலை செய்தது. கடற்காற்றின் உப்புத்தான் காரணம் என்று நம்பி, அன்று மாலை வகுப்பில் மாணவர்களுக்கும் அப்படியே சொன்னேன்.

மறுநாள் காலை கணினி மீண்டும் உயிரற்றுக் கிடந்தது.

நேற்று நான் இரண்டு காரியங்கள் செய்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ரேம் துண்டைத் துடைத்தது ஒன்று. சுவர் ஆளியைப் போட்டபடி முக்கால் மணி நேரம் விட்டது மற்றொன்று. கண்ணுக்குத் தெரிந்த காரியத்துக்குப் பலனைக் கொடுத்துவிட்டு, காரியமாகவே தோன்றாத காத்திருப்பை மறந்துவிட்டேன். ஒரே வேளையில் இரு மாறிகளை மாற்றக் கூடாது என்று ஆய்வுகூட வகுப்பில் கற்பிக்கும் விதி வீட்டு மேசைக்கும் பொருந்தும். துடைத்த பின் அழுத்தியும் எழும்பாத அந்த முதல் அழுத்தமே உப்பைக் குற்றமற்றது என்று காட்டியிருந்தது.

வினாத்தாள் அச்சிட வேண்டிய நாள் நெருங்கியதால் கணினியை ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் நல்ல முறையாகவே பார்த்தார். மின்வழங்கியின் 24 முனை இணைப்பியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, பச்சை வயர் இருக்கும் 16 ஆம் முனையையும் பக்கத்திலுள்ள 17 ஆம் கறுப்பு முனையையும் கடதாசிக் கிளிப் ஒன்றை வளைத்து இணைத்தார். மின்வழங்கியின் காற்றாடி சுழன்றது. மஞ்சள் வயரில் 12.1, சிவப்பில் 5.05 என்று அளவுகளும் ஒழுங்காக இருந்தன. மின்வழங்கி நலமென்றால் தாய்ப்பலகைதான் போயிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இந்த வகைத் தாய்ப்பலகை புதிதாகக் கிடைப்பது அரிது, பாவித்த ஒன்றைத் தேடித் தரலாம் என்றார். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும், என் செயலி விண்டோஸ் 11 இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லி, புதிய கணினியே நல்லது என்றும் ஆலோசனை தந்தார். அவர் சொன்ன இரண்டு தகவல்களும் உண்மை. ஆனால் கணினியைப் புதுப்பிப்பதா என்பது ஒரு கேள்வி. இது ஏன் எழும்பவில்லை என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதைத் தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை. கணினியை முச்சக்கரவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என்னிடம் படித்து இப்போது தெஹிவளையில் இலத்திரனியல் பழுதுபார்க்கும் ஒருவர் இருக்கிறார். அன்றிரவு அவருடன் தொலைபேசியில் பேசினேன். நடந்ததெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“ரீச்சர், காத்தாடி சுத்தினது பெரிய விசயமில்லை. ஊதா வயருக்கு லோட் குடுத்து அளந்தனீங்களே?”

அளக்கவில்லை. கடையிலும் அளக்கவில்லை. கடதாசிக் கிளிப் சோதனையில் மின்வழங்கி தன் காற்றாடி ஒன்றைத் தவிர வேறெதற்கும் மின் கொடுக்கவில்லை. ஊதா வயரிலிருந்து எவரும் எதையும் எடுக்கவில்லை. மின்கலத்தின் மின்னியக்க விசையும் அது மின்னோட்டம் வழங்கும்போது முடிவிடங்களுக்கிடையே இருக்கும் அழுத்த வேறுபாடும் ஒன்றல்ல என்பதை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். அகத்தடை கூடிய பழைய ரோச் மின்கலம் பல்மானியில் 1.5 வோல்ற்று காட்டும், குமிழை இணைத்தால் எரிக்காது. கணினியின் மின்வழங்கியும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒரு மூலந்தான்.

என் ஆய்வுகூடப் பெட்டியில் 10 ஓம், 10 வாற்று சீமெந்துத் தடையிகள் இருந்தன. ஒன்றை 5 வோல்ற்றுக்குக் குறுக்கே இணைத்தால் அரை அம்பியர் ஓடும், 2.5 வாற்று வெப்பமாகும். இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 5 ஓமும் ஒரு அம்பியரும் ஆகும். மின்வழங்கியின் பெயர்த்தட்டில் காத்திருப்பு மின்னுக்கு 2.5 அம்பியர் என்று எழுதியிருந்தது. ஆகவே ஒரு அம்பியர் அதற்குப் பெரிய சுமை அல்ல. ஏ.ரி.எக்ஸ். வரையறைப்படி இந்த 5 வோல்ற்று 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, அதாவது 4.75 க்குக் கீழும் 5.25 க்கு மேலும் போகக் கூடாது.

இரவு முழுவதும் சுவர் ஆளியை அணைத்து வைத்து, காலையில் குளிர்ந்திருந்த நிலையிலேயே சோதித்தேன். 24 முனை இணைப்பியைக் கழற்றி, பல்மானியின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை ஊதா வயர் இருக்கும் 9 ஆம் முனையிலும் வைத்தேன். வெறுமனே இருந்தபோது 5.06 வோல்ற்று. யார் பார்த்தாலும் நலமென்று சொல்லும் அளவு. ஒரு தடையியை இணைத்ததும் 4.48 க்கு இறங்கியது. இரண்டாவதையும் இணைத்ததும் 3.9 ஐச் சுற்றி நிலையில்லாமல் ஆடியது. தடையிகளை விலக்கியதும் மறுபடி 5.06. அந்த மூன்று எண்களையும் கொப்பியில் எழுதிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருந்தேன். ஒரு தாய்ப்பலகையை வீணாகத் தூக்கி எறிந்திருப்பேன்.

இவ்வகைச் சோதனையில் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. தடையி சில நிமிடங்களிலேயே தொட முடியாதபடி சூடாகும், ஆகவே அதை மேசை விரிப்பில் வைக்காமல் ஓட்டின் மேலோ பீங்கான் தட்டிலோ வைக்க வேண்டும். பல்மானி நேரோட்ட வோல்ற்றளவில்தான் இருக்க வேண்டும். அம்பியர்க் குதையில் முனையைச் செருகி வைத்துவிட்டு வோல்ற்றளவு பார்க்கப் போனால் அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும். இணைப்பிக்குள் முனைகளை அழுத்தித் திணிக்கவும் கூடாது. பித்தளைக் கவ்விகள் விரிந்தால் பிற்பாடு தாய்ப்பலகையில் தளர்வான தொடுகை உண்டாகும். வயர் வெளியேறும் பின்பக்கத்தால் மெல்லிய ஊசியொன்றை விட்டு அளப்பது நல்லது.

அடுத்த சோதனையைத் தாய்ப்பலகையை இணைத்தபடியே செய்தேன், ஏனெனில் தடையி காட்டியதைக் கணினியும் காட்டுகிறதா என்று தெரிய வேண்டும். இணைப்பியைப் பொருத்தி, பின்பக்க ஊசி வழியாக ஊதா வயரை அளந்தேன். பொத்தானைத் தொடாமலேயே 4.6 தான் இருந்தது. தாய்ப்பலகையின் ஓரத்திலுள்ள சிறு காத்திருப்பு விளக்கு வழக்கத்தைவிட மங்கலாக எரிந்ததை அப்போதுதான் கவனித்தேன். பல்மானியின் மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் முறையைத் தெரிவுசெய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன், 3.7 என்று பதிந்தது. பச்சை வயரை இழுத்துப் பிடிக்க வேண்டிய தாய்ப்பலகை, அந்தக் கணத்திலேயே தன் காலடி மின்னை இழந்து மயங்கிவிடுகிறது. அதைத் தாய்ப்பலகையின் குற்றம் என்று சொல்வது, பட்டினி கிடந்தவரை வேலைக்கள்ளர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

காலைக்கும் பகலுக்குமான வேறுபாட்டையும் உறுதிப்படுத்த விரும்பினேன். சுமை ஏறியதும் வோல்ற்றளவு இப்படி விழுந்ததால், காத்திருப்புச் சுற்றின் வெளியீட்டைச் சீராக்கும் மின்பகு கொள்ளளவியின் மேல் என் சந்தேகம் விழுந்தது. அவ்வகைக் கொள்ளளவி பழுதாகும்போது அதன் உள்ளிருக்கும் திரவம் குறைந்து, அதன் தொடர்த் தடை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் தடை, கூடுகிறது. குளிர்ந்திருக்கும்போது அத்தடை மிக அதிகம், சூடேறச் சூடேறக் குறையும். சுவர் ஆளியைப் போட்டு முக்கால் மணி நேரம் விட்டபோது காத்திருப்புச் சுற்று தன் வெப்பத்தாலேயே கொள்ளளவியைச் சூடாக்கியிருக்கிறது. அதைச் சோதிக்க, மறுநாள் காலை வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, தலைமுடி உலர்த்தியால் மின்வழங்கியின் காற்றுத் துளைகள் வழியாக நான்கு நிமிடங்கள் மிதமான சூட்டில் ஊதினேன். வயரைச் செருகி அழுத்தினேன். முதல் அழுத்தத்திலேயே கணினி எழும்பியது. ரேமையோ தாய்ப்பலகையையோ நான் அன்று தொடவே இல்லை. இம்முறை மாற்றியது ஒன்றே ஒன்று.

இரவில் சுவர் ஆளியை அணைத்துவிடும் நம் வீட்டுப் பழக்கம் பழுதை முன்கூட்டியே வெளிக்காட்டியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆளியை ஒருபோதும் அணைக்காத வீட்டில் இதே மின்வழங்கி இன்னும் பல வாரங்கள் வெதுவெதுப்பாக ஓடியிருக்கும். நீண்ட மின்தடை ஒன்று வந்து குளிர்ந்த பிறகே எழும்ப மறுத்திருக்கும். 2022 இல் பல மணி நேர மின்வெட்டுகள் நடந்த மாதங்களில், “கரண்ட் போய் வந்த பிறகு கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை” என்று பல பெற்றோர் என்னிடம் சொன்னதுண்டு. மின் திரும்பும்போது வரும் எழுச்சியே எல்லாவற்றுக்கும் காரணம் என்று அப்போது நானும் எண்ணினேன். அவற்றுள் சில, ஏற்கெனவே வறண்டிருந்த கொள்ளளவிகள் முதன்முறையாகக் குளிர்ந்ததால் நேர்ந்தவையாகவும் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

புதிய மின்வழங்கியை யுனிட்டி பிளாசாவில் வாங்கினேன். பாவித்த தாய்ப்பலகைக்குக் கேட்கப்பட்ட தொகையின் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. வாங்கும்போது வாற்று எண்ணிக்கையைவிட மற்ற விடயங்களையே கவனித்தேன். என் கணினி முழுச் சுமையிலும் 150 வாற்றை எட்டாது, ஆகவே 450 எனக்குத் தாராளம். மின்னை வெப்பமாக அதிகம் வீணாக்காத திறனைக் குறிக்கும் 80 பிளஸ் சான்று உள்ளதா, 12 வோல்ற்றில் எத்தனை அம்பியர் என்று பெயர்த்தட்டில் தெளிவாக உள்ளதா, தாய்ப்பலகைக்கு 24 முனை இணைப்பியும் செயலிக்கு 4 அல்லது 8 முனை இணைப்பியும் உள்ளனவா என்பவையே கேட்க வேண்டியவை. கையில் தூக்கிப் பார்த்தால் மிக இலேசாக இருக்கும் பெட்டியை நான் நம்புவதில்லை. கழற்றிப் பூட்டும் கேபிள்களுள்ள வகையை வாங்குவோர், பழைய மின்வழங்கியின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. இணைப்பி பொருந்தினாலும் உள்ளே முனைகளின் ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், 5 வோல்ற்று போக வேண்டிய இடத்தில் 12 போய் வட்டையே எரித்துவிடக்கூடும்.

பூட்டுமுன் புதியதையும் அதே தடையிகளால் சோதித்தேன். சுமையின்றி 5.04, ஒரு தடையியோடு 5.01, இரண்டோடு 4.99. நான்கு திருகாணிகளால் பெட்டியில் பூட்டி, இணைப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி, செயலிக்கான 4 முனை இணைப்பி முழுவதும் உள்ளே போய்க் கொழுக்கி மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். மறந்துபோகும் இணைப்பி பெரும்பாலும் அதுதான். பொத்தானை அழுத்தியதும் கணினி எழும்பியது. அன்றிரவே வினாத்தாளை அச்சிட்டேன். அடுத்த பதினைந்து காலைகளும், இரவு முழுக்க ஆளி அணைந்திருந்த பின், ஒரே அழுத்தத்தில் எழும்பியதைத் திகதியிட்டுக் கொப்பியில் குறித்தேன். ஒரு நாள் எழும்பியதைக் கொண்டு குணமாகிவிட்டது என்று முன்பு ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பழைய மின்வழங்கியை நான் திறக்கவில்லை, வாசிப்பவர்களும் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 230 வோல்ற்று ஆடலோட்டத்தின் உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 325 வோல்ற்று. மின்வழங்கிக்குள் இருக்கும் பெரிய கொள்ளளவி அந்த அளவுக்கு, சில வகைகளில் அதற்கும் மேலாக, ஏற்றப்பட்டிருக்கும். வயரைக் கழற்றிய பின்னும் அந்த ஏற்றம் சில வேளைகளில் நெடுநேரம் நிற்கும். உயிரைப் பறிக்க அது போதும். தெஹிவளை மாணவர்தான் அதைத் தன் மேசைக்குக் கொண்டுபோய், பெரிய கொள்ளளவியைத் தடையி ஒன்றினூடாக இறக்கி, அளந்து உறுதிசெய்த பின்பே கை வைத்தார். காத்திருப்புச் சுற்றின் சிறு நிலைமாற்றிக்கு அருகே, இருவாயியை அடுத்து, 1000 மைக்ரோபரட், 10 வோல்ற்று என்று எழுதிய கொள்ளளவி ஒன்று நின்றது. அதன் தட்டையாக இருக்க வேண்டிய தலை சற்றே குவிந்து புடைத்திருந்தது. கழற்றி அளந்தபோது தொடர்த் தடை 2 ஓமுக்கு மேல். அந்த அளவுக் கொள்ளளவி புதிதாக இருந்தால் ஓமில் பத்தில் ஒரு பங்கும் இராது. அதன் தலை ஒரு வெப்பத் தகட்டை ஒட்டியபடி நின்றதையும் படம் எடுத்து அனுப்பினார். 10 பாகை வெப்பம் கூடினால் மின்பகு கொள்ளளவியின் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. என் பெட்டி மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி, தூசி அடைத்த துளைகளோடு ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது. இப்போது அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, நிலத்திலிருந்து உயர்த்திய பலகையில் வைத்திருக்கிறேன்.

கடந்த வாரம் அகத்தடைப் பாடம் வந்தது. பழைய மின்வழங்கியின் மூன்று வாசிப்புகளையும் கரும்பலகையில் எழுதி, அது எந்தப் பொருள் என்று சொல்லாமல், அகத்தடையைக் கணிக்கும்படி கேட்டேன். 5.06, 4.48, 10 ஓம் ஆகியவற்றைக் கொண்டு எல்லோரும் ஏறத்தாழ 1.3 ஓம் என்று கண்டார்கள். அப்படியானால் 5 ஓம் இணைக்கும்போது 4.02 வர வேண்டும், ஆனால் 3.9 தானே எழுதியிருக்கிறீர்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மின்கலத்தைப் போல இதற்கு ஒரு நிலையான அகத்தடை கிடையாது. உள்ளே ஒரு பின்னூட்டச் சுற்று வெளியீட்டைப் பார்த்துப் பார்த்து 5 வோல்ற்றில் நிறுத்த முயல்கிறது. கொள்ளளவி நலமாக இருக்கும் வரை அந்த முயற்சி வெல்கிறது, அதனால்தான் புதியது ஒரு அம்பியரிலும் 4.99 இல் நின்றது. தொடர்த் தடை கூடிவிட்டால் ஒவ்வொரு துடிப்பின்போதும் வோல்ற்றளவு கூராக மேலெழுந்து உடனே பள்ளத்தில் விழுகிறது. பின்னூட்டம் அந்தக் கூர்முனையைப் பார்த்து “போதும்” என்று அடக்கிவிடுகிறது, பல்மானியோ இரண்டினதும் சராசரியை மட்டும் நமக்குக் காட்டுகிறது. தாய்ப்பலகை உண்மையில் அனுபவித்த பள்ளம் 3.7 ஐவிடவும் ஆழமானது. அதைக் கண்ணால் காட்ட அலைவுகாட்டி வேண்டும். தெஹிவளையில் ஒன்று இருக்கிறது. கழற்றிய கொள்ளளவியையும் அவர் எறியாமல் வைத்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இரண்டையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.